‘மூச்சுத்திணறல்’ வேண்டாம்: உறக்க ஆய்வுச் சொற்கள் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடி நம் குழுவில் போட்ட பட்டியலைப் போன வாரம் பார்த்தேன். அதில் ஒரு சொல்லோடு எனக்குச் சொந்தப் பகை உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நோயான ‘ஸ்லீப் ஆப்னியா’வுக்குத் ‘தூக்க மூச்சுத்திணறல்’ என்று போட்டிருக்கிறோம். ஒன்றரை ஆண்டுக்கு முன் ஓரிடத்தில் உடல் பரிசோதனைக்குப் போனபோது தமிழில் அச்சடித்த கேள்வித்தாள் கொடுத்தார்கள். அட, தமிழில் இருக்கிறதே என்று ஆசையாக நிரப்பினேன். “தூக்கத்தில் மூச்சுத்திணறல் உண்டா?” என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று குறித்தேன். பொய் சொல்லவில்லை. எனக்கு ஒருநாளும் மூச்சுத் திணறியதில்லை. அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் திருமங்கலத்தில் பஸ் ஏறினால் திருப்பரங்குன்றம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். பெரியார் நிலையத்தில் நடத்துநர் தட்டி எழுப்புவார். வீட்டில் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்: “குறட்டை விட்டுக்கிட்டே இருக்கீக, திடீர்னு சத்தமே இல்ல. என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு உக்காந்து பாக்குறேன். அப்புறம் ஒரு இழுப்பு, மறுபடியும் குறட்டை.” இதைவிடத் துல்லியமாக அந்த நோயை எந்தப் புத்தகமும் விவரித்து நான் படித்ததில்லை.

போன மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரவு தங்கி உறக்க ஆய்வு செய்துகொண்டேன். தலையில் எண்ணெய் கூடாது, மதியத்துக்கு மேல் காபி கூடாது என்றார்கள். ஒன்பது மணிக்கு ஒட்ட ஆரம்பித்தார்கள். தலையில் பசை தடவி மின்முனைகள், கண்ணோரம் இரண்டு, தாடையில், கால் தசையில், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். தூங்காநகரம் நகைச்சுவையை அந்தத் தம்பியே ஒயர் மாட்டும்போது சொல்லிவிட்டார், நீங்கள் யாரும் எழுத வேண்டாம். இத்தனையோடு எவன் தூங்குவான் என்று நினைத்தேன். தூங்கினேன்.

முடிவு: மணிக்கு 34. அதாவது 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்றதும் குறைந்ததும் சேர்த்து, சராசரியாக மணிக்கு 34 தடவை. 5 முதல் 15 வரை லேசு, 30-ஐத் தாண்டினால் கடுமை. இத்தனையில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

திணறல் என்றால் திணறுகிறவனுக்குத் தெரிய வேண்டும். ஆஸ்துமாக்காரர் திணறுவார், அந்தச் சொல்லை அவருக்கே விட்டுவிடுவோம். உறங்குகிறவனுக்குத் தெரியாமல் நடப்பதற்கு அதைப் போட்டால், கேள்வித்தாளில் என்னைப் போல எல்லாரும் ‘இல்லை’ என்றுதான் குறிப்பார்கள்.

இதற்குச் சொல்லப்படும் மற்றச் சொற்களையும் பார்த்தேன். ‘மூச்சுத்தடை’ பாதிதான் சரி. தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடும் வகைக்குப் பொருந்தும். மூளையே மூச்சுவிடச் சொல்லாமல் விட்டுவிடும் இன்னொரு வகையில் தடை எங்கே இருக்கிறது? ‘மூச்சடக்கம்’ யோகிக்கு. ‘மூச்சு நிறுத்தம்’ என்றால் யாரோ நிறுத்தியது போலிருக்கிறது, பேருந்து நிறுத்தமும் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை ‘மூச்சிடையறவு’. இடையறாது பெய்தது என்கிறோம் அல்லவா, அதன் எதிர்ப்பக்கம். காரணத்தைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்கிறது. வகை பிரிக்க முன்னால் ‘அடைப்புவழி’, ‘மூளைவழி’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நான் இரவு தங்கிச் செய்துகொண்ட அந்த ஆய்வுக்கு ஆங்கிலத்தில் பாலிசோம்னோகிராஃபி என்று பெயர். அதற்கு ‘பல்துயில் வரைவியல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். என் மைத்துனர் பார்த்துவிட்டு, “பல் டாக்டர்கிட்டயா போனீங்க மாமா?” என்றார். உறக்கம் பலவல்ல, அளவைகள்தாம் பல. ‘துயில் பல்பதிவு’ என்று திருப்பினால் கடித்த தடம் ஆகிவிடும். பலவற்றை விட்டுவிடலாம், ‘துயிற்பதிவு’ போதும்.

இடையறவு முடியும்போது பெரும்பாலும் மூளை சில நொடி விழித்து அடங்குகிறது. அதற்கு ‘நுண்விழிப்பு’. தொல்காப்பியம் கண்படை நிலை, துயிலெடை நிலை என்று இரண்டு துறைகளைச் சொல்கிறது. துயிலெடையை எடுத்தாளலாமா என்று ஆசைப்பட்டேன். அது கிடந்த மன்னரைச் சூதர் புகழ்ந்து எழுப்புவது. எனக்கு மூளையே சூதர், ராத்திரி முழுக்க. வேண்டாம், நுண்விழிப்பே இருக்கட்டும்.

அன்புடன்,
திருமங்கலத்தான்

---

தம்பிக்கு,

திணறலை நீக்கியது சரி. ஆனால் ‘இடையறவு’ என்பதை வேகமாகப் படிக்கிறவன் ‘இடையுறவு’ என்று படிப்பான். அச்சுப் பிழையும் அப்படித்தான் வரும். நாற்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் சொல்கிறேன். ‘மூச்சுநிற்பு’ என்று எளிமையாக வைத்தால் என்ன? நிறுத்துவது பிறவினை, நிற்பது தன்வினை. உங்கள் குறையும் தீர்ந்தது.

---

ஐயா,

இடையுறவு என்று படித்துச் சிரித்தேன். அந்த ஆபத்து உண்மைதான்.

ஆனால் நிற்பில் ஒரு சிக்கல். நம் ஊரில் ‘மூச்சு நின்னுபோச்சு’ என்றால் அடுத்து சங்குதான். அறிக்கையில் “மூச்சுநிற்பு: மணிக்கு 34” என்று படித்தால் என் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார். மறுபடி வரும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். இடையறவில் அது இருக்கிறது.

இப்படிச் செய்தால் என்ன: அறிக்கையிலும் பாடநூலிலும் மூச்சிடையறவு. கேள்வித்தாளில் கலைச்சொல்லே வேண்டாம். “தூங்கும்போது உங்களுக்கு மூச்சு விட்டுவிட்டு வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா?” மழை விட்டுவிட்டுப் பெய்வது எல்லாருக்கும் தெரியும். கேள்வியும் பார்த்தவரிடம் போய்ச் சேரும்.

நேற்று உசிலம்பட்டியில் பெரியப்பாவிடம் இப்படியே கேட்டுப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பெரியம்மா, “ஆமா, சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்குது” என்றார்.

இதற்குச் சிகிச்சையாக, மூக்கில் மாட்டிக் காற்றழுத்தத்தால் மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபேப் கருவிக்கு நான் சொல் தேடவில்லை. வீட்டில் ‘மூக்கு மிஷின்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.