மறுமொழி: அண்டர்டோன் – அடிநிறமா, நிறவோட்டமா?

> அண்டர்டோனுக்கு 'அடிநிறம்' என்றே வைத்துவிடலாமே? எளிமையாக இருக்கிறது.

வணக்கம்.

பெயின்டில் மேலே தெரிகிற நிறத்துக்குள் மெல்லத் தெரியும் இன்னொரு நிறம்தான் அண்டர்டோன்; அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'அடிநிறம்' எளிமைதான். ஆனால் அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்கு வந்த பெயின்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "பிரைமரைச் சொல்றீங்களா சார்?" என்றார். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் கொடுக்கிறவருக்கு 'அடி' என்றால் ஓர் அடுக்கு. அண்டர்டோன் எந்த அடுக்கிலும் கிடையாது; அது மேலே தெரிகிற நிறத்துக்குள்ளேயே கலந்து கிடப்பது. 'உள்நிறம்' என்றாலோ வீட்டின் உட்புறச் சுவருக்கு அடிக்கும் நிறம் என்று படிப்பார்கள். 'சாயல்' நல்ல சொல்தான். ஆனால் அதை ஏற்கெனவே ஹியூவுக்கும் (நிறத்தின் வகை) ஷேடுக்கும் (அதன் அடர்வு) மாற்றி மாற்றிப் பயன்படுத்தி நைந்துபோகச் செய்துவிட்டோம்.

இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு மட்டும் அடர்ந்த, கதகதப்பான ஒரு பழுப்பு வேண்டும் என்று ஷேடு கார்டில் தேர்ந்தெடுத்தோம். கடையில் பார்த்தபோது பாக்கு நிறம். பகலில் சுவரிலும் பாக்கு நிறம்தான். இரவு 6500 கெல்வின் டியூப் லைட்டை (நீலம் கலந்த வெள்ளொளி) போட்டதும் கத்தரிக்காய்த் தோலாகிவிட்டது. பக்கத்துச் சுவர்களின் வெள்ளை வேறு நீலம் கலந்த வெள்ளை, சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி. அதை ஒட்டிப் பார்க்கையில் பழுப்பு அழுக்காகத் தெரிந்தது. பல்பை 3000 கெல்வினுக்கு (மஞ்சள் கலந்த ஒளி) மாற்றினோம். பக்கச் சுவர்களுக்குக் காடாத் துணி போல மஞ்சள் கலந்த வெள்ளை அடித்தோம். பிறகுதான் பாக்கு நிறம் திரும்ப வந்தது. பழுப்பு டப்பாவை நாங்கள் தொடவே இல்லை.

அன்று பெயின்டர் சொன்னது: "இந்த பிரௌன்ல ஊதா ஓடுது சார். வெள்ளைப் பேப்பர் பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா கடையிலேயே தெரிஞ்சிருக்கும்." வெள்ளைத் தாளை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது.

அந்த 'ஓடுது'வைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். மணிக்கல்லின் உள்ளொளியை 'நீரோட்டம்' என்பது நம் பழைய வழக்கு. கல்லுக்கு நீரோட்டம் என்றால் சாயத்துக்கு நிறவோட்டம். கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: செவ்வோட்டப் பழுப்பு, மஞ்சளோட்ட வெள்ளை, நீலவோட்ட வெள்ளை. 'ஊதாவோட்டப் பழுப்புக்கு நீலவோட்ட வெள்ளை சேராது' என்று எழுதினால் நான் மேலே ஒரு பத்தியில் புலம்பியது ஒரே வரியில் முடிந்துவிடும். அடிநிறத்தை வைத்து இதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

> ஓட்டம் என்றால் சாயம் ஒழுகுவது, துவைத்தால் ஓடுவது என்று ஆகாதா?

ஆகாது என்றே நினைக்கிறேன். துணியில் சாயம் 'போகும்', சுவரில் பெயின்ட் 'ஒழுகும்'. நிறம் மட்டும்தான் உள்ளே 'ஓடும்'.

அப்புறம், சென்ற மடலில் கேட்ட எல்.ஆர்.வி. (லைட் ரிஃப்ளெக்டன்ஸ் வேல்யூ) பற்றி. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்ற அளவில், சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று சொல்லும் எண் அது. 'எதிரொளிப்பு எண்' போதும். ஈழத்துப் பாடநூல்களில் 'தெறிப்பு' என்பதால் அங்குள்ளோர் 'ஒளித்தெறிப்பு எண்' என்றே எழுதட்டும், சண்டை வேண்டாம். டீப் பேஸுக்கு (அடர்நிறங்களைக் கலக்க எடுக்கும் மூலப் பெயின்ட்) 'அடர்மூலம்' சரி. அதில் சுவரை மறைக்கும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடு குறைவு, கலக்கும் வண்ண நிறமி அதிகம். அதனால்தான் அடர்நிறத்துக்கு இரண்டு கோட் போதாமல் மூன்றாவதும் கேட்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. கருமை உள்ளோடும் பழுப்பும் உண்டு. கருமையோடு இருள் சேர்ந்தால் காரிருள்; அதே விதிப்படி ஓட்டம் சேர்ந்தால் காரோட்டம். படிக்கிறவர் டிரைவிங் லைசென்ஸைத் தேடுவார். இலக்கணத்தைக் கொஞ்சம் தளர்த்திக் 'கருப்போட்டம்' என்று வைக்கலாமா? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள், உங்கள் ஊர்ப் பெயின்டர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.