10,000 லிட்டர் சம்ப்: நீளம், அகலம் தெரியும், ஆழம் எவ்வளவு?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். போர்டிகோவுக்குக் கீழே 10,000 லிட்டர் பிடிக்கிற மாதிரி சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கட்டப் போகிறோம். நீளம் 7 அடி, அகலம் 6 அடி. எட்டரை அடி ஆழம் போதும் என்கிறார் மேஸ்திரி. பள்ளியில் படித்தபடி கன அளவை நீளம் × அகலத்தால் வகுத்தால் உயரம் வர வேண்டும். ஆனால் 10,000 ÷ 42 போட்டால் 238 வருகிறது. இது அடியா அங்குலமா, எப்படிப் பார்த்தாலும் பொருந்தவில்லை. இந்த வாரமே குழி தோண்ட ஆள் வருகிறார்கள், யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:
சூத்திரம் சரிதான் சார், அலகுதான் இடிக்கிறது. நீளமும் அகலமும் அடியில் இருந்தால் கன அளவு கன அடியில் இருக்க வேண்டும், நீங்கள் லிட்டரை அப்படியே வகுத்துவிட்டீர்கள். 1 கன அடி என்பது 28.317 லிட்டர். 10,000 ÷ 28.317 = 353.15 கன அடி. இதை 42ஆல் வகுத்தால் 8.41 அடி. இந்த .41ஐ 4 அங்குலம் என்று எடுத்துவிடாதீர்கள், பசங்க பரீட்சையில் அடிக்கடி செய்கிற தவறு இது. 12ஆல் பெருக்கினால் 4.9, அதாவது 8 அடி 5 அங்குலம்.

மீட்டரில் போட்டால் இன்னும் சுலபம், ஏனென்றால் 1 கன மீட்டர் சரியாக 1000 லிட்டர். 2.134 × 1.829 = 3.903 சதுர மீட்டர், 10 ÷ 3.903 = 2.56 மீட்டர், அதே ஆழம்தான். மேஸ்திரி சொன்னது சரி.

பழைய சிவில்:
ஒரு நிமிடம் தம்பி. அந்த 7க்கு 6 எங்கே எடுத்த அளவு? சுவருக்கு உள்ளேயா, தோண்டப் போகிற குழியா?

மடிப்பாக்கம்வாசி:
குழி அளவு சார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

பழைய சிவில்:
அப்படியென்றால் கணக்கே மாறிவிடும். 9 அங்குலச் செங்கல் சுவர் நான்கு பக்கமும் வந்தால் நீளத்தில் ஒன்றரை அடி, அகலத்தில் ஒன்றரை அடி போய்விடும். மிச்சம் 5.5 × 4.5 = 24.75 சதுர அடி. 8.41 அடி ஆழத்துக்கு 208 கன அடிதான், சுமார் 5,900 லிட்டர். பூச்சைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஏறக்குறைய பாதிக் கொள்ளளவை இழந்துவிட்டு, பணம் முழுசாகக் கொடுப்பீர்கள். வரைபடத்தில் எப்போதும் உள் அளவு என்று எழுதி வாங்குங்கள்.

ஆழத்தைக் கூட்டி ஈடுகட்டாதீர்கள். மடிப்பாக்கம் தாழ்வான இடம், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். காலியாக இருக்கிற ஆழமான தொட்டியை அது கீழிருந்து தள்ளும், கசிவும் வரும். இடம் இருந்தால் அகலப்படுத்துங்கள். உள்ளே 8 × 7 வைத்தால் 353.15 ÷ 56 = 6.3 அடி, அதாவது 6 அடி 4 அங்குலம் தண்ணீர். மேலே குழாய்க்கும் மிதவை வால்வுக்கும் அரை அடி விட்டுவிடுங்கள், மொத்தம் 6 அடி 10 அங்குலம். அடித்தள கான்கிரீட்டின் தடிமனை இதோடு சேர்த்துத் தோண்ட வேண்டும், குழி 9.5 × 8.5.

மடிப்பாக்கம்வாசி:
போர்டிகோவில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறது சார், கோட்டை அழித்துப் போடச் சொல்லிவிட்டேன். கட்டி முடித்த பிறகு சரியாக 10,000 வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கணக்கு டீச்சர்:
6,000 லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றும்போது முன்னும் பின்னும் டேப் விட்டு அளந்து பாருங்கள். 211.9 ÷ 56, நீர்மட்டம் 3 அடி 9 அங்குலம் ஏற வேண்டும். அதைவிடக் கூடுதலாக ஏறினால், லாரியில் 6,000 லிட்டருக்கு மேல் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, சுவரைத் தடிமனாகக் கட்டிவிட்டாரா என்று உள் அளவை அளந்து பாருங்கள்.