வேப்பமரம் அறுக்க செயின்சா மில் வாங்கலாமா? 24 இஞ்சா, 36 இஞ்சா?

கொடுங்கையூர்_வாசி:
எல்லோருக்கும் வணக்கம். மாதவரத்தில் மாமாவுடைய காலி மனையில் இருந்த வேப்பமரம் போன மழைக்காலக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. கிளையெல்லாம் கழித்து விறகுக்குக் கொடுத்தாயிற்று, அடிமரம் மட்டும் கிடக்கிறது. 9 அடி நீளம், நடுவில் சுற்றளவு 66 இஞ்ச், கோணல் இல்லாத துண்டு. பலகை போட்டால் ஒரு மேசையும் கொஞ்சம் பரண் தட்டும் தேறும் என்று ஆசை. ஜி.என்.டி. சாலைப் பக்கம் அறுவை மில்களில் விசாரித்தால், வீட்டு மரம் என்றதுமே ஆணி இருக்கும், வேண்டாம் என்று கையை விரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் கொண்டுவாருங்கள், ஆனால் பிளேடு போனால் காசு உங்களுடையது என்றார். அதுபோக ஏற்ற, இறக்க, வண்டி என்று தனிச் செலவு.

அதனால் செயின்சாவில் மாட்டும் அந்த அலுமினியச் சட்டத்தை, அலாஸ்கன் மில் என்கிறார்களே, அதை வாங்கி இடத்திலேயே அறுத்துக்கொள்ளலாம் என்று யோசனை. என்னிடம் 58 சிசி மிஷின் இருக்கிறது, பெயர் தெரியாத கம்பெனி, 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). ஆன்லைனில் 24 இஞ்ச், 36 இஞ்ச் என்று இரண்டும் கிடைக்கிறது, விலையில் பெரிய வித்தியாசமில்லை. பெரியதையே வாங்கிவிட்டால் பின்னால் உதவுமே? லிங்கி செட்டி தெருவில் கேட்டுப் பார்த்தேன், யாரிடமும் கையில் சரக்கு இல்லை, சொன்னால் வரவழைக்கிறோம் என்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

டூ_ஸ்ட்ரோக்:
பிரதர், 24 போதும். மில்லில் போட்டிருக்கும் அளவு எவ்வளவு நீளப் பார் அதில் மாட்டலாம் என்பதற்கு, எவ்வளவு அகலப் பலகை வரும் என்பதற்கு இல்லை. மிஷின் பக்கம் ஒரு கிளாம்ப், மூக்குப் பக்கம், அதாவது பார் நுனியில், ஒரு கிளாம்ப், இரண்டும் சேர்ந்து 4 இஞ்ச் சாப்பிட்டுவிடும். உங்கள் 22 இஞ்ச் பாரில் 18 இஞ்ச் அறுப்பு கிடைத்தால் அதிகம். 36 வாங்கினால் 36 இஞ்ச் பார் வேண்டும், அதை இழுக்க 90 சிசி பக்கம் மிஷின் வேண்டும், அந்த மிஷின் விலையைக் கேட்டீர்கள் என்றால் மரமே வேண்டாம் என்று வந்துவிடுவீர்கள். சின்னப் பாரைப் பெரிய சட்டத்தில் மாட்ட முடியும்தான், ஆனால் வீண் கனம், தள்ளித் தள்ளி இடுப்பு போகும்.

இப்போது உங்கள் மரத்துக்கு வருவோம். 66 இஞ்ச் சுற்றளவு என்றால் குறுக்கே 21 இஞ்ச். 18 இஞ்ச் அறுப்பு மேலிருந்து சுமார் 5 இஞ்ச் ஆழம் வரைதான் போகும், அதற்குக் கீழே அகலம் கூடிவிடும், மில் உள்ளே நுழையாது. வழி இருக்கிறது. முதலில் மேலே ஒரு செதில் எடுத்துச் சமப்படுத்துங்கள், கடப்பாரை போட்டு மரத்தைக் கால் சுற்று உருட்டி ஒரு பக்கத்தில் 2 இஞ்ச் கழியுங்கள், அதேபோல் எதிர்ப்பக்கமும் 2 இஞ்ச். இப்போது அகலம் 17 இஞ்ச், கடைசிவரை தடங்கல் இல்லாமல் இறங்கலாம். வேம்பில் வெளியே இருக்கும் வெள்ளை எப்படியும் உளுக்கும், அதைக் கழிப்பதில் நஷ்டமும் இல்லை.

மேல் செதிலுக்கும் பக்கங்களைக் கழிக்கும் அறுப்புகளுக்கும் மேலே ஒரு நேரான வழிகாட்டி வேண்டும், ஏனென்றால் மில் எதன்மேல் சறுக்குகிறதோ அதே மாதிரிதான் பலகை வரும். அலுமினிய ஏணி இருந்தால் போதும், இல்லாவிட்டால் இரண்டு பாக்ஸ் செக்ஷன் (சதுர இரும்புக் குழாய்) வாங்கிக் குறுக்குக் கட்டை அடித்துக்கொள்ளலாம். இரண்டு முனையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு முனை மட்டும் சாய்ந்திருந்தால் பலகை முறுக்கிக்கொண்டு வரும். ஏணியைப் பிடிக்கும் ஸ்க்ரூ செயின் போகும் ஆழத்துக்கு இறங்கக் கூடாது, இதை அளந்து போடுங்கள்.

பெரம்பூர்_தச்சன்:
தம்பி, நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கணக்குப் பார்ப்போம். கால் சுற்றளவுக் கணக்குப்படி 66-ஐ நாலால் வகுத்தால் 16.5, அதை அதாலேயே பெருக்கி, 9 அடி நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் உன் துண்டு 17 கன அடி. ஒரே ஒரு மரம். இதற்காக ஒரு மில், புதுச் செயின், அரம், ஆயில், அப்புறம் மிஷின் புகைந்தால் அதுவும். செயின் ஒவ்வொரு அறுப்பிலும் மூன்று எட்டாம் இஞ்ச் மரத்தைத் தூளாக்கும், அறுவை மில்லின் பேண்ட் சாவில், அதாவது பட்டை ரம்பத்தில், அது எட்டில் ஒரு இஞ்ச்தான். 18 இஞ்ச் கனத்தை ஒன்றரை இஞ்ச் பலகையாகப் போட்டால் பேண்ட் சாவில் பதினொன்று வரும், உன் கையில் ஒன்பது. வைரம் பாய்ந்த வேம்பில் இரண்டு பலகையைத் தூளாக வாரிக் கொட்ட எனக்கு மனசு வராது.

பிளேடு காசு உன்னுடையது என்றாரே, அந்த மில்காரரிடமே போ. அவர் சொன்னது நியாயமான பேச்சு, வடசென்னையில் வீட்டு மரத்தை எடுக்கும் மில்லில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். ஆணியை நீயே முன்னால் தேடி எடுத்துவிட்டால் உனக்குப் பயமில்லை.

கொடுங்கையூர்_வாசி:
அண்ணா, தூள் கணக்கு புரிகிறது. ஆனால் மனைக்குள் வண்டி வராது, சந்து அவ்வளவு குறுகல். அரை டன்னுக்கு மேல் கனம் இருக்கும் துண்டை ஆள் வைத்து உருட்டித்தான் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு மாமா வீட்டில் ஒரு மாமரமும் பட்டுப்போய் நிற்கிறது, அதையும் வெட்டும் யோசனை இருக்கிறது. அதனால்தான் செயின்சா மில் பக்கம் மனசு போகிறது. 58 சிசி தாங்குமா என்பதுதான் பயம்.

மணலி_மெக்கானிக்:
வண்டி போகாத இடம் என்றால் செயின்சா மில்தான் சரி, தச்சர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

58 சிசி தாங்கும், ஆனால் நீங்கள் ஓட்டும் விதத்தில் இருக்கிறது. கிளை வெட்டும்போது பத்து இருபது செகண்டு முறுக்கிவிட்டு விட்டுவிடுவோம். பலகை அறுக்கும்போது 9 அடியும் முழு ஆக்சிலேட்டரில் நிமிடக்கணக்காக ஓடும், அதுவும் ஒவ்வொரு பல்லும் நாரின் நுனியைச் செதுக்கிக்கொண்டு போவதால் லோடு அதிகம். இந்த மாதிரி மிஷின்களில் பல, கடையிலிருந்து வரும்போதே பெட்ரோல் குறைவாகப் போகும்படி ட்யூன் ஆகியிருக்கும். அப்படியே மில்லில் மாட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் முழு வேகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எச் (H) ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து, லோடு இல்லாமல் முழு வேகத்தில் லேசாகத் தடுமாறுகிற சத்தம் வரும்படி வையுங்கள், மரத்தில் இறங்கியதும் அந்தத் தடுமாற்றம் போய்விட வேண்டும். ஆயில் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி, மிஷின் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி. ஒரு அறுப்பு முடிந்ததும் உடனே அணைக்காதீர்கள், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் காற்று போய்ச் சூடு தணியும். ஏர் ஃபில்டரை அடிக்கடி தட்டுங்கள், தூள் மாவு மாதிரி வரும்.

செயின் விஷயம் யாரும் சொல்லவில்லையே. மில்லைவிட அதுதான் முக்கியம். சாதாரணச் செயினில் பல் 30 டிகிரிச் சாய்வில் இருக்கும், நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி வேண்டும். ரிப்பிங் செயின் என்று கேளுங்கள். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் கனம்), லிங்க் எண்ணிக்கை மூன்றும் பாரிலேயே அடித்திருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிடைக்காவிட்டால் இருக்கிற செயினையே அரம் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக 10 டிகிரிக்குக் கொண்டுவரலாம், அதற்குப் பொறுமை வேண்டும். தூள் முன்னைவிட மெலிசாக வந்தாலோ, தள்ளினால்தான் போகிறது என்றாலோ நிறுத்தி அரம் போடுங்கள். இதில் சோம்பல் பட்டால் மேலே சொன்ன ட்யூனிங் எல்லாம் வீண்.

மில் வந்ததும் அதில் இருக்கும் நட்டையெல்லாம் கழற்றி நைலான் லாக் நட் போடுங்கள். கிரான்பெர்க் மாதிரி அசல் அமெரிக்கச் சாமான் வேறு, இந்த நகல்கள் அதிர்விலேயே கழன்றுவிடும். மூக்குப் பக்கக் கிளாம்ப், நுனியில் சுற்றும் சக்கரத்தின் பேரிங் மேல் உட்காராமல் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கட்டும்.

டூ_ஸ்ட்ரோக்:
மேலே சொன்னதோடு இன்னொன்று. தலைமாட்டில் கட்டை வைத்து மரத்தைச் சற்றே சரிவாகப் போடுங்கள், மில் தன் கனத்திலேயே இறங்கும், தள்ள வேண்டாம். ரெண்டு அடிக்கு ஒருமுறை அறுத்த வாயில் மர ஆப்பு செருகிக்கொண்டே போங்கள், பலகை உட்கார்ந்து பாரைக் கவ்வாது. காதுக்கு அடைப்பு, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், புகை முழுக்க உங்கள் முகத்துக்குத்தான் வரும். மா அறுக்கும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள், பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துவிடும்.

பெரம்பூர்_தச்சன்:
சரி, வண்டி போகாது என்றால் நான் என்ன சொல்ல, செய். ஆனால் அந்த மாமரம் பட்டுப்போய் நின்றாலும் வெட்டுவதற்கு முன் அனுமதி கேட்டுவிடு, சென்னையில் சொந்த மனை மரத்துக்கும் கேட்க வேண்டும். தானாக விழுந்த வேம்பு வேறு கதை, அதையும் விழுந்த நிலையில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் நல்லது.

ஆணி தேட கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் சின்னதாகக் கிடைக்கும், நாலு பக்கமும் உருட்டி உருட்டிப் பார். வேப்பமரம் என்றால் யாராவது மஞ்சள் துணி கட்டியிருப்பார்கள், அம்மன் படம் அடித்திருப்பார்கள், கொடிக்கம்பி கட்டியிருப்பார்கள், அப்புறம் தேர்தல் போர்டு. எல்லாம் தரையிலிருந்து 7 அடிக்குள்தான் இருக்கும், உன் 9 அடித் துண்டில் முக்கால்வாசி அந்த இடம்தான். பட்டை மூடிப் பல வருடம் ஆகியிருந்தாலும் மரத்தில் அந்த இடம் கருநீலமாகக் கறை ஓடியிருக்கும், அறுக்கும்போது நிறம் மாறினால் உடனே நிறுத்து.

அறுத்த அன்றைக்கே இரண்டு முனையிலும் பழைய பெயின்ட் அடித்துவிடு, இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிக்கும். தரையிலிருந்து தூக்கி, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) குறுக்கே வைத்து அடுக்கு, ரீப்பர் எல்லாம் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வரட்டும். மேலே தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும், தார்ப்பாய் போட்டு மூடினால் பூசணம் பிடிக்கும். ஒன்றரை இஞ்ச் பலகைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், இந்தக் கடல் காற்றில் அதற்கு முன்னால் மேசை கீசை என்று கை வைக்காதே. பரண் தட்டை வேண்டுமானால் முதலில் போட்டுக்கொள், கொஞ்சம் வளைந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.

கொடுங்கையூர்_வாசி:
நன்றி அண்ணா, பிரதர். 24 இஞ்ச் மில், ரிப்பிங் செயின் இரண்டு, டிடெக்டர் ஒன்று ஆர்டர் போடுகிறேன். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது, ஆனால் நடுவில் கொஞ்சம் தொய்வு மாதிரித் தெரிகிறது. நூல் கட்டிப் பார்த்தால் கால் இஞ்ச் வித்தியாசம். பரவாயில்லையா?

டூ_ஸ்ட்ரோக்:
பரவாயில்லை என்று விடாதீர்கள், அந்தக் கால் இஞ்ச் அப்படியே கடைசிப் பலகை வரை வரும். நடுவில் சில்லுக்கட்டை வைத்துத் தூக்கி, நூல் மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்க்ரூ போடுங்கள்.