முட்டையும் ஆகாது, பாலும் ஆகாது: கொங்குப் பக்கம் பேலியோ இருக்கறவங்க அனுபவம் சொல்லுங்க

கோபியிலிருந்து

வணக்கமுங்க. பேலியோன்னா அரிசி, மாவுச்சத்தைக் குறைச்சுக் கொழுப்பைக் கூட்டித் திங்கற முறை. அதுக்குச் சாப்பாட்டுச் சார்ட் யாருகிட்ட வாங்கினாலும் ஒரே அச்சுத்தான். காலைல பாதாம் இல்லைன்னா பட்டர் டீ, மத்தியானம் நாலு முட்டை, ராத்திரிக்குப் பனீர். எனக்கு முட்டை உள்ளே போனா கொஞ்ச நேரத்துல கழுத்து, முதுகெல்லாம் தடிப்பு ஏறிக்கும். பால், தயிர், பனீர் எது சாப்பிட்டாலும் வயிறு உப்பிப் பொழுதுக்கும் தொந்தரவு. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது, அரிசியைக் குறைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்ப என்னத்தைத்தான் திங்கறது?

லேப்ல ‘உணவு ஒவ்வாமை பேக்கேஜ்’னு ரத்தம் எடுத்து நீளமா ஒரு பட்டியல் குடுத்தாங்க. தேங்காய், எள், கத்திரிக்காய் எல்லாத்துக்கும் செவப்புப் புள்ளி. கோயமுத்தூர்ல அலர்ஜி டாக்டர் அதைப் பாத்துட்டு ஓரமா வெச்சுட்டாரு. அது ஐஜிஜின்னு ரத்தத்துல இருக்கற ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தை அளக்கற டெஸ்ட்டாமுங்க. ஒரு பொருளை நாம சாப்பிட்டுப் பழகியிருக்கோம்னுதான் அது காட்டும், ஒவ்வாமைன்னு அர்த்தமில்லை, அலர்ஜி மருத்துவர் சங்கங்களே அதை நம்பிச் சாப்பாட்டைக் கழிக்க வேண்டாம்னு சொல்லுதுன்னாரு. சந்தேகப்படற பொருளைச் சில வாரம் நிறுத்திட்டு, ஒண்ணொண்ணாத் திரும்பச் சேத்துப் பாக்கறதுதான் வழியாம். உதடு வீங்கறது, மூச்சு எளைக்கறதுன்னு எப்பவாவது வந்திருந்தா மட்டும் வீட்ல அந்தப் பரீட்சையே கூடாதுன்னு கண்டிசனாச் சொன்னாரு. அப்படிப் பாத்ததுல எனக்குத் தேங்காயும் எள்ளும் ஒண்ணுமே பண்ணலைங்க.

டாக்டரைக்கூடச் சமாளிச்சுடலாம், ஒறம்பரை வீட்டைச் சமாளிக்கறதுதான் பெரும்பாடு. சத்தியமங்கலத்துல சித்தி வீட்டுக்குப் போனா, “அரிசிபருப்புச் சோத்துக்கு நெய் ஊத்தாம எப்படிக் கண்ணு எறங்கும்?”ங்கறாங்க. சோறே வேண்டாம் சித்தின்னேன். கரண்டியைக் கீழ வெச்சுட்டு, “கறியாவது திம்பியா, அதுவும் ஆவாதா?”ன்னாங்க. அப்பறம் கடலை எண்ணெயில வெள்ளாட்டுக்கறி வறுத்துப் போட்டாங்க பாருங்க, எந்தச் சார்ட்லயும் அப்படி ஒண்ணு இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து

உங்க கேள்விக்குப் பதில் எங்க தோப்புல தொங்குதுங்க அம்மிணி. 100 கிராம் தேங்காய்ல கொழுப்பு சுமார் 33 கிராம். மாவுச்சத்துக் கணக்கு 15 கிராம்னாலும் அதுல 9 கிராம் நார்ச்சத்து. நான் பாலை விட்டது வயித்துக்காகத்தான். டீக்குத் தேங்காயோட மொதப்பால். கொதிக்கறப்ப ஊத்தினா திரிஞ்சுடும், எறக்கி வெச்சு ஊத்தணும். பீர்க்கங்காய், சொரக்காய்க்கெல்லாம் தேங்காய் அரைச்சு ஊத்திக் கொழம்பாட்டமா வெச்சுச் சோறில்லாமக் குடிச்சுக்குவேன்.

ஒண்ணை மறைக்காமச் சொல்லிடறேன். எல்லாத்தையும் தேங்காய் எண்ணெயிலயே ஓட்டினதுல எடை எறங்குச்சு, சர்க்கரை எறங்குச்சு, ரிப்போர்ட்ல எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு மட்டும் ஏறிப்போச்சு. தேங்காய் எண்ணெயில ஏறக்கொறைய 90 சதம் நிறைவுற்ற கொழுப்பு. சில உடம்புக்கு அது எல்டிஎல்லை ஏத்தி விட்டுடும்னாரு டாக்டர். இப்பப் பாதி செக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்னு மாத்தியிருக்கேன். பேலியோ குரூப்ல சில பேரு ‘எல்டிஎல் ஏறினா ஏறட்டும்’பாங்க. மார்வலி வந்தா அவங்களா வந்து பாப்பாங்க?

ஈரோட்டிலிருந்து

வேலைக்கு ஊரூராச் சுத்தறவன் நான். முட்டை ஆகாது. பால் பரவாயில்லை, இருந்தாலும் விட்டுட்டேன். வெளிச் சாப்பாட்டுல முட்டையும் தயிரும் ஒளிஞ்சிருக்கற எடம் ஏராளம். சிக்கன் சிக்ஸ்டிஃபைவ்ல சோளமாவு, முட்டை, தயிர் மூணும் இருக்கும். பரோட்டா மாவுலயும் முட்டை ஊத்தறவங்க உண்டு. பைபாஸ் ரோட்டுக் கடை ஒண்ணுல “கறி பெரட்டறப்ப முட்டை போடுவீங்களா?”ன்னு கேட்டேன். சப்ளையர் தம்பி யோசிக்கவே இல்லை: “முட்டையெல்லாம் போடறதில்லைங்ணா, வெள்ளைக்கரு மட்டுந்தான்.” எனக்குத் தடிப்புக் கெளப்பறதே அந்த வெள்ளைக்கருதான்!

2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைசுக்கு அரசு ஒரு வருசம் தடை போட்டதும் நமக்கு நல்ல காலம்னு நெனைச்சேன். முட்டையில்லாத மயோனைஸ்னு எழுதி வெக்கறாங்க, அதுல பால் ஊத்தி அடிக்கறவங்க இருக்காங்க. கோபி அக்கா மாதிரி ரெண்டுமே ஆகாதவங்க அதையும் கேட்டுக்கோங்க. பாக்கெட் சாமான்னா பாலோ முட்டையோ இருந்தாப் பின்னாடி போட்டே ஆகணும், விதி அப்படி. இலையில வர்றதுக்கு லேபிள் ஏது?

எனக்குக் கை குடுக்கறது பள்ளிபாளையம் சிக்கன்தான். சின்ன வெங்காயம், வரமொளகாய், மஞ்சள், தேங்காய்ச்சில்லு, எண்ணெய். மொறையாச் செஞ்சா தயிரோ மாவோ கிட்டவே வராது. குமாரபாளையம், பவானிப் பக்கம் கேட்டா நம்ம கண்ணு முன்னாடியே வறுத்துக் குடுப்பாங்க.

ஊத்துக்குளியிலிருந்து

எங்க ஊர்ல பொறந்துட்டு வெண்ணெய் ஆகாதுன்னா சிரிப்பாங்களா இல்லையா? எனக்கு லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரைதான் செரிக்காதாம். அதனால நல்லாக் காச்சி வடிச்ச நெய் ஒண்ணும் பண்ணறதில்லை, வெண்ணெயும் கொஞ்சமாத் தாங்குது. பால் புரதமே ஒத்துக்காதவங்களுக்கு வேற கணக்கு. எவ்வளவு காச்சினாலும் நெய்யில துளிப் புரதம் தங்கிடும். உங்களுக்கு எதுன்னு தெரியாம நெய்யில கை வெக்காதீங்க.

“காங்கேயம் மாட்டுப் பால் குடிச்சுப் பாரு, ஏ2 பால் அது, ஒண்ணும் ஆகாது”ன்னு சொல்லாத ஆள் இல்லை. மாடு நல்ல மாடுதானுங்க, எங்க கட்டுத்தரையிலயே நிக்குது. அதுக்காக அது கறக்கற பால்ல லாக்டோஸ் இல்லாமப் போயிடுமா? ஏ2ன்னா ஒரு வகைப் புரதத்துல மட்டும் மாத்தம். பாக்கியெல்லாம் எல்லாப் பால்லயும் இருக்கறதுதான்.

திருப்பூரிலிருந்து

நான் சொல்ல வர்றது பாலைப் பத்தியில்லை, ஆனாலும் எல்லாரும் படிக்கணும். எங்க ஐயன் சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை போட்டுட்டு இருந்தாரு. டாக்டருக்குச் சொல்லாமலே சோத்தை முழுசா நிறுத்திட்டாரு. வாந்தி, அசதி, மூச்சு வாங்கல். வீட்டு மெசின்ல சர்க்கரை அப்படியொண்ணும் ஏறலை, அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. ஆஸ்பத்திரியில பாத்தா, உடம்புக் கொழுப்பு எரியறப்ப வர்ற கீட்டோன் ரத்தத்துல ஏறி அமிலமாயிருக்கு. அந்த வகை மாத்திரையோட மாவுச்சத்தை அடியோட விட்டா இப்படி ஆக வாய்ப்பிருக்காம். இன்சுலின் போடறவங்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல், சர்க்கரை திடீர்னு கீழ எறங்கிடும். சார்ட் வாங்கறதுக்கு முன்னாடி மாத்திரைச் சீட்டோட டாக்டரைப் பாருங்க.

கோபியிலிருந்து

எல்லாருக்கும் நன்றிங்க. திருப்பூர் அண்ணன் சொன்னதைக் குடும்பக் குரூப்புக்கே அனுப்பிட்டேன். அவுங்க ஐயன் இப்பத் தேவலைங்களா?

முட்டை, பால் ரெண்டும் போனா கால்சியம், கோலின்ங்கற சத்து, பி12 வைட்டமினுக்கு வேற வழி பாக்கணுமில்லைங்க. ஞாயித்துக்கெழமை ஆட்டு ஈரல் வாங்கறேன். வாரத்துக்கு ஒருக்கா போதுமாம், வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போயிடும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஈரலே வேண்டாம்னாங்க. மத்தி, நெத்திலி வந்தா முள்ளோட திங்கறது. அப்பறம் எள்ளுத் தொவையல். ‘எளச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ம்பாங்க, ஆனா கொள்ளுல 100 கிராமுக்கு 57 கிராம் கிட்ட மாவுச்சத்து. ரசத்தோட நிறுத்திக்கறேன்.

கறிக்கடை அண்ணன்கிட்ட “கொழுப்பை வெட்டிப் போடாம அப்படியே குடுங்க”ன்னா, எடைக்குக் கொழுப்பைத் தள்ளிட்டார்னு சண்டைக்கு வர்ற கூட்டத்துல நானும் ஒருத்தின்னு நெனைச்சுப் பேந்தப் பேந்த முழிச்சாரு. இப்ப எனக்குன்னு தனியா எடுத்து வெக்கறாருங்க.

பொள்ளாச்சி அண்ணா, எண்ணெய் மாத்தினதுக்கு அப்பறம் எல்டிஎல் என்னாச்சுன்னு அடுத்த ரிப்போர்ட் வந்ததும் போட்டு விடுங்க. அதைப் பாத்துட்டுத்தான் நான் செக்குக்காரருக்கு ஆர்டர் சொல்லணும்.