முள் அசைந்ததைப் பார்க்கத் தவறிய கணம்

காந்தத்தை நகர்த்திக் கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலைப் பல ஆண்டுகளாகச் செய்முறையாகக் கற்பித்து வருகிறேன். ஆயினும் என் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது, சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனாமீட்டர் என்ற கருவியின் முள் அசையவே இல்லை என்று ஒரு குழு முறையிட்ட நாள்தான். பிளாஸ்டிக் குழாயின் மீது தாமிரக் கம்பியை 300 சுற்றுகள் பிசகாமல் சுற்றியிருந்தார்கள். சட்டக் காந்தமும் வலுவானதுதான். கம்பியின் முனையை விரலில் எடுத்துப் பார்த்ததும் ஒரு காரணம் புலப்பட்டது. மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூச்சைச் சுரண்டாமலேயே இணைத்திருந்தார்கள். பூச்சும் தாமிர நிறத்திலேயே இருப்பதால், அது வெறுங்கம்பி என்றே கண் நம்பிவிடுகிறது. உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு மீண்டும் இணைத்தோம். அப்போதும் ஒரு மாணவி, "பூச்சியத்திலேயே நிற்கிறது, ஐயா" என்றார்.

அருகில் நின்று கவனித்தேன். அவர் காந்தத்தைச் சுருளுக்குள் பதமாகச் செருகினார், கையை எடுத்தார், அதன் பிறகே தலையைத் திருப்பிக் கருவியைப் பார்த்தார். அதற்குள் முள் அசைந்து, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டிருந்தது. 1825-இல் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் கொலாடோனுக்கும் இதுவே நேர்ந்தது. காந்தம் கருவியை நேரடியாகப் பாதிக்கக் கூடாது என்று கால்வனாமீட்டரை வேறோர் அறையில் வைத்திருந்த அவர், காந்தத்தை நுழைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தபோது முள் அசைவற்று நின்றது. அந்தக் கணநேர அசைவை ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே 1831-இல் கண்டார். சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் அளவான காந்தப்பாயம் மாறிக்கொண்டிருக்கும் வரையில்தான், மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது என்பதை, பாடமாகச் சொல்வதைவிட அந்த மாணவி தவறவிட்ட கணத்தைக் கொண்டே எளிதில் விளக்க முடிந்தது. அன்று முதல் ஒருவர் காந்தத்தை நகர்த்த, மற்றவர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதே எங்கள் வழக்கம்.

*

மேலே எழுதிய ஆசிரியர் ஐயாவின் பகிர்வோடு என் அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். செங்குத்தாக நிறுத்திய சுருளின் வழியே காந்தத்தை விழச் செய்து, தூண்டப்படும் மின்னழுத்தத்தை, அதன் மாற்றத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பதிவு செய்தோம். திரையில் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முகடுகள் தோன்றின. இரண்டாவது முகடு உயரமாகவும் ஒடுங்கியும் இருந்தது. சுருள் ஒரு பக்கம் நெருக்கமாகச் சுற்றப்பட்டுவிட்டது என்று எண்ணிய என் மாணவர்கள், அதைப் பிரித்து முழுவதும் மறுபடி சுற்றினார்கள். வடிவம் மாறவில்லை. வெளியேறும்போது காந்தத்தின் வேகம் கூடியிருப்பதே காரணம் என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். பிறகு வரைபடத்தாளில் கட்டங்களை எண்ணிப் பார்த்தபோது, இரு முகடுகளின் பரப்புகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. உள்ளே வரும்போது கூடிய காந்தப்பாயம் முழுவதும் வெளியேறும்போது குறைந்துவிடுவதால் அப்படித்தான் அமைய வேண்டும் என்றாலும், அதைக் கையால் எண்ணி அறிந்தபோது அவர்கள் முகத்தில் கண்ட மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

*

நான் மாணவனாக இருந்தபோது கண்டது இது. காந்தம் ஒட்டவே ஒட்டாத தாமிரக் குழாய்க்குள் மிக வலுவான நியோடிமியம் காந்தத்தை விட்டார்கள். மேல்வாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எண்ணெயில் அமிழ்வதுபோல் அது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியை அதற்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால், சுற்றுப்பாதை அறுபடும்படி நீளவாட்டில் பிளவு வெட்டிய மற்றொரு குழாயில் அதே காந்தம் விரைந்து விழுந்த பிறகுதான், குழாயின் சுவரைச் சுற்றிவரும் மின்னோட்டம் என் மனக்கண்ணில் தெரிந்தது.