குளோரின் போட்டும் நீச்சல் குளம் பச்சையாவே இருக்கு, என்ன பண்றது?

கேள்வி:
வீட்டு நீச்சல் குளம். 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். டைல்ஸ் ஒட்டின கான்கிரீட் தொட்டி, சாண்ட் ஃபில்டர், போர் தண்ணி. ஒன்றரை வருஷமா ரெண்டு நாளைக்கு ஒரு 200 கிராம் டிசிசிஏ மாத்திரை (மெதுவா கரையுற குளோரின் மாத்திரை) ஃப்ளோட்டர்ல, அதாவது மிதக்குற டப்பால, போடுறோம். பத்து நாளா தண்ணி பச்சை, சுவர் வழுக்குது. தினம் ரெண்டு மாத்திரை போட்டும் மாறலை. ஆனா தண்ணி பார்க்குற டெஸ்ட் கிட்ல குளோரின் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) காட்டுது, பிஎச் 7.2. மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போடச் சொல்றாங்க. போடலாமா?

பதில் 1:
மயில்துத்தம் வேண்டாங்க. பாசி சாகும், ஆனா தாமிரம் தண்ணியிலயே தங்கி டைல்ஸ் இடுக்கெல்லாம் கறை பிடிக்கும்.

எனக்குச் சந்தேகம் மாத்திரை மேலதான். டிசிசிஏல குளோரினோட சயனூரிக் ஆசிடும் சேர்ந்தே இருக்கு. வெயில்ல குளோரின் சிதையாம காக்குறது அதுதான். 30லிருந்து 50 பிபிஎம் இருந்தா நல்லது. குளோரின் செலவாகிடும், சயனூரிக் ஆகாது. தண்ணி ஆவியானாலும் அது குளத்துலயே நிக்கும். உங்க குளம் சுமார் 45,000 லிட்டர். ஒரு மாத்திரைக்கு குளோரின் 4 பிபிஎம், சயனூரிக் 2.4 பிபிஎம் ஏறும். ரெண்டு மாசத்துக்கு 30 மாத்திரைன்னாலே 70ஐத் தாண்டுது. பேக்வாஷ்ல (தண்ணியைத் திருப்பி விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுறதுல) ஒரு பகுதி வெளியேறியிருக்கும், மீதி சேர்ந்துட்டே இருக்கும். சயனூரிக் கூடக்கூட குளோரினைத் தன்னோட கட்டி வெச்சுக்கும். கிட் இருக்குன்னு காட்டும், பாசியைக் கொல்ல அது வராது.

சயனூரிக் ஸ்ட்ரிப் வாங்கிப் பாருங்க. நிறம் உச்சத்துக்குப் போனா, குளத்துத் தண்ணியையும் குடிதண்ணியையும் சரிபாதி கலந்து பார்த்து, வர்ற எண்ணை ரெண்டால பெருக்குங்க. அப்படியே வெள்ளை பக்கெட்ல போர் தண்ணி பிடிச்சு அரை மூடி ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவக் குளோரின்) ஊத்துங்க. அரை மணி நேரத்துல பழுப்பாச்சுன்னா இரும்பு இருக்கு. அது வேற வைத்தியம்.

கேட்டவர்:
பக்கெட் தண்ணி நிறம் மாறலை. சரிபாதி கலந்ததுல 80 வருது, அப்போ 160. மொத்தமா இறைச்சுட்டு புதுசா நிரப்பிடவா?

பதில் 2:
மொத்தமா இறைக்கவே கூடாது. நிலத்தடி நீர் மேல இருக்குற சமயத்துல காலித் தொட்டியை அடியிலிருந்து தண்ணி தூக்கிடும், தளம் வெடிச்சுடும். ஃபைபர் தொட்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாதி இறைச்சு நிரப்புங்க, 160 பாதியா 80 ஆகும். ஒரு நாள் மோட்டார் ஓடிக் கலக்கட்டும். திரும்ப பாதி இறைச்சா 40.

மோட்டாரை நிறுத்திட்டுத்தான் மல்டிபோர்ட் வால்வு (ஃபில்டர்ல தண்ணி போற வழியை மாத்துற வால்வு) கைப்பிடியைத் திருப்பணும், ஓடும்போது திருப்பினா உள்ள இருக்குற கேஸ்கெட் கிழியும். கைப்பிடி வேஸ்ட்ல (தண்ணி ஃபில்டருக்குப் போகாம நேரா வெளியேறுற நிலை) இருக்கட்டும். ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணியை இழுக்குற வாய்) வால்வை மூடி, அடி வடிகாலை மட்டும் திறந்து வைங்க. இல்லன்னா மட்டம் இறங்கினதும் மோட்டார் காத்து இழுக்கும்.

பதில் 1:
40க்கு வந்தப்புறம் ஃப்ளோட்டரை எடுத்துடுங்க. இனி சோடியம் ஹைப்போ. 10 சதவீத ஹைப்போ 450 மில்லி உங்க குளத்துல 1 பிபிஎம் ஏத்தும். பாசியைக் கொல்ல சயனூரிக்ல 40 சதவீதம், அதாவது 16 பிபிஎம் வேணும், 7.2 லிட்டர். புதுச் சரக்கா வாங்குங்க, வெயில்ல கிடந்த கேன்ல வீரியம் பாதி போயிருக்கும்.

முதல்ல பிஎச் பார்த்து 7.2க்குக் கொண்டுவாங்க, குளோரின் ஏறினப்புறம் பிஎச் சொட்டு மருந்து தப்பா காட்டும். சுவர், படி, ஏணிக்குப் பின்பக்கம் எல்லாம் பிரஷ் பண்ணிட்டு, சூரியன் மறைஞ்சதும் ஊத்துங்க. மோட்டார் 24 மணி நேரமும் ஓடணும். தினம் ரெண்டு வேளை பார்த்து, குறைஞ்ச அளவை ஊத்தி 16லேயே வெச்சிருங்க. ஒரு தடவை ஊத்திட்டு விடுறவங்களுக்குத்தான் பாசி ஒரு வாரத்துல திரும்புது. கிட்ல குளோரின் பார்க்குற டிபிடி சொட்டு அதிக குளோரின்ல வெளுத்துப்போய் பூஜ்யம் மாதிரி தெரியும். ஒரு பங்கு குளத்துத் தண்ணிக்கு நாலு பங்கு குளோரின் இல்லாத தண்ணி கலந்து, அஞ்சால பெருக்குங்க.

இரவு பார்த்த அளவுக்கும் விடியறதுக்கு முன்னாடி பார்த்த அளவுக்கும் வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள்ள வந்தா பாசி செத்தாச்சு. 5க்குக் கீழ இறங்குற வரை யாரும் குளிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: டிசிசிஏ போட்ட பக்கெட்ல பிளீச்சிங் பவுடர் அள்ளாதீங்க, தீப்பிடிக்கும். ஹைப்போவும் ஆசிடும் சேர்ந்தா விஷவாயு.

கேட்டவர்:
அதுக்கப்புறமும் தண்ணி பால் மாதிரி கலங்கி இருந்தா?

பதில் 2:
அது செத்த பாசி. ஃபில்டரே பிடிக்கும், நாலஞ்சு நாள் ஆகலாம். அழுத்தமானி சுத்தமா இருந்தப்ப காட்டினதை விட 8 பிஎஸ்ஐ ஏறினதும், வால்வுப் பக்கத்துல இருக்குற கண்ணாடியில தண்ணி தெளிவா வர்ற வரை பேக்வாஷ், பிறகு அரை நிமிஷம் ரின்ஸ்.

அவசரம்னா படிகாரம் 2 கிலோ கரைச்சு பரவலா ஊத்தி, ரீசர்க்குலேட்ல (ஃபில்டருக்குப் போகாம தண்ணி சுத்துற நிலை) ரெண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்துங்க. ராத்திரி முழுக்க படியட்டும். காலையில வாக்யூம் தலையை மெதுவா நகர்த்தி, வேஸ்ட்ல வெச்சு வாக்யூம். ஃபில்டர்ல வெச்சா மணல் கட்டி தட்டிப்போகும். மட்டம் இறங்கும், அதனால முதல் நாளே விளிம்பு வரை நிரப்பி வைங்க. படிகாரம் பிஎச்சைக் குறைக்கும், முடிஞ்சதும் பாருங்க.

தினசரிக்கு சாயங்காலம் ஒரு லிட்டர் ஹைப்போவில ஆரம்பிச்சு 3லிருந்து 5 பிபிஎம்ல வைங்க. மாத்திரை, வெளியூர் போற வாரத்துக்கு மட்டும்.