முதலில் கட்டியைக் கரைத்த மருந்து இப்போது ஏன் கேட்கவில்லை?

கானாடுகாத்தான் மகள்:
அப்பச்சிக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். இளவயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. சிஸ்பிளாட்டினும் கதிர்வீச்சும் கொடுத்ததில் கட்டி கரைந்தது. சில மாதங்களில் தாடையோரம் மறுபடி வந்துவிட்டது. அந்த மருந்துக்கு இனி அடங்காது என்கிறார் மருத்துவர். உடம்பில் தெம்பில்லை, அதனால்தான் மருந்து பிடிக்கவில்லை என்று பங்காளிகள் ஆத்தாவைக் குறை சொல்கிறார்கள். அது உண்மையா?

தேவகோட்டை ஆச்சி:
இல்லை, தங்கச்சி. ஆத்தாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கலந்து கொடுத்தவள் நான். இந்தப் பழியைச் சுமந்து அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தை எதிர்ப்பது அப்பச்சியின் உடம்பு அல்ல, கட்டியின் செல்கள்.

சிஸ்பிளாட்டினில் இருக்கும் பிளாட்டினம் செல்லுக்குள் போய் டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துவிடும். பிணைந்த இழையைப் படியெடுக்க முடியாமல் செல் சாகும். ஆனால் ஒரே கட்டியில் எல்லாச் செல்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. செம்பை உள்ளே கடத்தும் புரதம் வழியாகவும் இந்த மருந்து நுழைகிறது. சில செல்கள் அந்தப் புரதத்தைக் குறைத்துவிடுகின்றன. சிலவற்றில் குளுட்டாதயோன் என்ற, செல்லைக் காக்கும் பொருள் மிகுந்து, பிளாட்டினத்தைப் பிடித்து முடக்குகிறது. சில, பிணைந்த இழையை வெட்டிச் சரிசெய்துகொள்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது பி53. சேதம் மிகுந்த செல்லைச் சாக வைக்கும் புரதம் அது. புகையிலையால் வரும் வாய்ப்புற்றில் அதன் மரபணு பெரும்பாலும் கெட்டிருக்கும். மருந்து தாக்கினாலும் செல் சாவதில்லை. முதல் சிகிச்சையில் எளிதில் சாகக்கூடியவை செத்தன, எஞ்சியவை பெருகின.

புதுவயல் ஆசிரியர்:
ஆச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகளோடு, உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 16 விழுக்காடு. நிவோலுமாபையும் சேர்த்தவர்களில் சுமார் 43. வழக்கமான அளவை விட மிகக் குறைவு என்பதால் செலவும் குறையும்.

கானாடுகாத்தான் மகள்:
மிக்க நன்றி, ஐயா. இதை மருத்துவரிடம் கேட்கலாமா?

தேவகோட்டை ஆச்சி:
தாராளமாகக் கேளுங்கள். மறுபடி அறுவை சிகிச்சைக்கு இடமுண்டா என்பதையும் கேளுங்கள். பழைய ஸ்கேன், திசுப் பரிசோதனை அறிக்கைகளோடு சிறுநீரக அறிக்கையையும் எடுத்துப் போங்கள். அப்பச்சிக்குக் காது மந்தமாகியிருந்தால் சொல்லிவிடுங்கள். சிஸ்பிளாட்டின் இரண்டையும் பாதிக்கும், அடுத்த மருந்தை முடிவுசெய்ய அது தெரிய வேண்டும்.